சுருக்கமும் சிரிப்பும்: முகநரம்பின் கதை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்தும் ஆண்டுகளிலெல்லாம் நாம் ஒரு சிறு பயிற்சி வைப்பதுண்டு. மாணவர் ஒருவர் எழுந்து நின்று, வாய்பேசாமல், கையசைக்காமல், முகத்தால் மட்டும் ஒரு மெய்ப்பாட்டைக் காட்ட வேண்டும். பிறர் அது எதுவென்று சொல்ல வேண்டும். அச்சமும் வெகுளியும் எளிதில் பிடிபட்டுவிடும். பெருமிதத்தையும் உவகையையும் பிரித்துக் காட்டத்தான் பாடுபடுவார்கள். இந்தப் பயிற்சி நம் சொந்தச் சரக்கன்று. நமக்கு முன்பே துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரிடமிருந்து வந்தது. துறையில் அனைவரும் அவரை அம்மா என்றே அழைப்போம். எட்டு மெய்ப்பாடுகளையும் மூச்சுவிடும் நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் வரவழைத்துக் காட்டுவார். கடைசி வரிசை வரை கைதட்டல் எழும்.

ஓய்வுக்குப் பின் மகளுடன் வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியபோது அம்மாவின் முகத்தில் வயது பத்தாண்டு குறைந்திருந்தது. கன்னத்தின் தொய்வும் தாடையோரத் தொங்கலும் இல்லை. முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். ஆனால் அவர் சிரித்தபோது இடப்பக்கக் கீழுதடு மட்டும் இறங்க மறுத்தது. வலப்பக்கத்தில் கீழ்ப்பற்கள் தெரிந்தன. இடப்பக்கம் உதடு மூடியபடியே நின்றது. “எட்டில் ஒன்று குறைந்துவிட்டது, தம்பி” என்றார். ஆசிரியர் அறையில் அன்று மாலை பலரும் சொன்ன வாசகம் ஒன்றுதான்: இந்த வயதில் இதெல்லாம் எதற்கு? நாம் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் மனத்துக்குள் அதையேதான் நினைத்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நினைப்பின் உறுத்தலால்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். நாம் மருத்துவர் அல்லோம். தமிழ் படித்தவர்கள். நண்பரான மருத்துவர் ஒருவர் நூல்களை எடுத்துக் கொடுத்துப் புரியாத இடங்களை விளக்கினார். படிக்கப் படிக்க நமக்கு ஏற்பட்ட வியப்பு இது: முகத்தை அழகுபடுத்த எடுத்த கத்தி முகநரம்பைத் தொட்டுவிட்ட விபத்துகளின் வரலாறு ஒன்று உண்டு. அதற்கு இணையாக, சுருக்கத்தைப் போக்குவதற்காக முகத்தைத் தெரிந்தே செயலிழக்கச் செய்த வரலாறும் ஒன்று உண்டு. இரண்டும் பல இடங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செல்கின்றன.

முதலில் அந்த நரம்பைப் பற்றிச் சில செய்திகள். மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு இணை என்ற கணக்கை 1778-இல் வகுத்தவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் சாமுவேல் தோமஸ் சோமெரிங். அவருக்கு முன் முகநரம்பும் செவிநரம்பும் ஒரே நரம்பின் கடினப் பகுதி, மென்பகுதி என்று சேர்த்தே எண்ணப்பட்டு வந்தன. சோமெரிங் இரண்டையும் பிரித்தார். முகநரம்பு ஏழாவது ஆயிற்று. இது காதெலும்புக்குள் ஒரு குறுகிய வளைவழியே நெளிந்து சென்று, காதுமடலுக்குக் கீழே எலும்பைத் துளைத்து வெளிவருகிறது. பின் காதின் முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றிக்கு, கன்ன எலும்புக்கு, கன்னத்துக்கு, தாடையோரத்துக்கு, கழுத்துக்கு என ஐந்து கிளைகளைப் பாடநூல்கள் சொல்கின்றன. உடலின் பிற தசைகள் பெரும்பாலும் எலும்பை எலும்போடு பிணைப்பவை. முகபாவத் தசைகள் அப்படியல்ல. அவை தோலிலேயே சென்று முடிகின்றன. அதனால்தான் நாம் சிரித்தால் தோல் சுருங்குகிறது. ஆண்டுக்கணக்கில் சுருங்கிய இடத்தில் கோடு விழுகிறது. முகத்தின் சுருக்கம் என்பது ஒருவகையில் நாம் சிரித்ததற்கும் சினந்ததற்கும் விழுந்த வரவுசெலவுக் கணக்கே.

முகத்தின் ஒருபக்கம் செயலிழப்பதை மனிதர் நெடுங்காலமாக அறிவர். சுசுருத சங்கிதையின் நிதான ஸ்தானம் அதை அர்திதம் என்ற பெயரால் வாதநோய்களுள் வைத்துச் சொல்கிறது. நம் ஊர் வழக்கில் முகவாதம். பாரசீக மருத்துவர் அல்-ராசியும் இதைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆனால் இது எந்த நரம்பின் குறை என்பதை உறுதியாகக் காட்டியவர் என்ற பெயர் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பெயரால்தான் அந்த நோயை இன்றும் பெல்லின் வாதம் என்கிறோம்.

எடின்பரோவில் 1774-இல் பிறந்த சார்லஸ் பெல், அறுவை மருத்துவர் மட்டுமல்லர், ஓவியரும்கூட. 1806-இல் அவர் வெளியிட்ட நூல், மருத்துவர்களுக்காக அன்றி ஓவியர்களுக்காக எழுதப்பட்டது: முகபாவங்களின் உடற்கூறு பற்றியது. 1815-இல் வாட்டர்லூ போர் முடிந்ததும் அங்கே சென்று காயம்பட்டோருக்கு அறுவை செய்தார். அவர்களை வரைந்தும் வைத்தார். 1821-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் அவர் வைத்த கட்டுரையில் கழுதையின் முகநரம்பை அறுத்துப் பார்த்த சோதனை வருகிறது. நரம்பு அறுபட்ட பக்கத்து நாசித் துளை மூச்சோடு விரிவதும் சுருங்குவதும் நின்றுபோயிற்று. ஆகவே இதை முகத்தின் மூச்சு நரம்பு என்று அழைத்தார். சிரிப்பு, அழுகை, தும்மல், பெருமூச்சு எல்லாமே மூச்சோடு பிணைந்தவை அல்லவா என்பது அவருடைய தருக்கம். அதே கட்டுரையில் மனிதர் ஒருவரும் வருகிறார். காதுக்கு முன்னே சீழ்க்கட்டி வந்து அந்த நரம்பு கெட்டுப்போனவர். சிரித்தாலும் சீழ்க்கை அடிக்க முயன்றாலும் அவர் வாய் மறுபக்கம் இழுத்துக்கொண்டதாகப் பெல் எழுதுகிறார். சீழ்க்கை அடிக்கச் சொல்லிப் பார்ப்பது இன்றும் மருத்துவர்களின் சோதனைகளுள் ஒன்று.

பெல்லின் முடிவுகள் முழுவதும் சரியல்ல. ஐந்தாவது நரம்பின் உதட்டுக் கிளையை அறுத்தபோது கழுதை தீவனத்தைக் கவ்வவில்லை. அங்கே போனது இயக்கம் என்று அவர் கருதினார். உண்மையில் போனது உணர்ச்சி. உணவு உதட்டில் படுவதே தெரியாத விலங்கு எப்படிக் கவ்வும்? இந்தப் பிழையைத் திருத்தியவர் பெல்லிடமே பாடம் கேட்ட ஹெர்பர்ட் மேயோ. 1822-இல் அவர் தெளிவுபடுத்தியபடி, முகத்தின் உணர்ச்சி ஐந்தாம் நரம்புக்கு, பாவம் ஏழாம் நரம்புக்கு. பெல் பின்னாளில் தம் கட்டுரைகளை மறுபதிப்புச் செய்தபோது வாசகங்களை ஓசைப்படாமல் மாற்றிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு உண்டு. அது தனிக்கதை. ஆசிரியத் தொழிலில் இருப்போர் படித்துச் சிந்திக்க வேண்டிய கதையும்கூட.

இந்தப் பங்கீடு ஏட்டளவில் நின்ற செய்தியன்று. அக்காலத்தில் முகத்தில் மின்னல்போல் வெட்டும் கொடிய வலிக்காக அறுவை மருத்துவர்கள் முகநரம்பை அறுத்து வந்தார்கள். வலியோ ஐந்தாம் நரம்பினுடையது. அறுக்கப்பட்டதோ ஏழாவது. நோயாளிக்கு வலியும் போகவில்லை, முகமும் கோணிற்று. எந்த நரம்பு எதற்கு என்ற அறிவு பரவிய பிறகே இந்த வழக்கம் ஒழிந்தது. மருத்துவர் கையால் முகம் செயலிழப்பது அழகுச் சிகிச்சையோடு தொடங்கியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

பெல்லுக்குப் பின் குறிப்பிடத் தக்கவர் பிரான்சின் துஷேன். தோலின் மேல் மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு முகத்தசையையும் தனித்தனியே சுருங்கச் செய்து, அந்தக் கணத்தைப் புகைப்படமாகப் பிடித்தார். 1862-இல் நூலாக வந்தது. அவர் படங்களில் மீண்டும் மீண்டும் வரும் பல்லில்லாத முதியவருக்கு முகத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருந்ததால் மின்சாரம் வலிக்கவில்லை. வாயை மட்டும் சிரிக்க வைத்தால் அது சிரிப்பாக இல்லை, கண்ணைச் சுற்றிய தசையும் சேர வேண்டும் என்று துஷேன் கண்டார். 1872-இல் டார்வின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் துஷேனின் படங்களை எடுத்தாண்டார். மெய்ப்பாட்டியல் படித்தவர்க்கு இவை அயலான செய்திகள் அல்ல.

இனி அழகுச் சிகிச்சைக்கு வருவோம். 1901-இல் பெர்லினில் ஓய்கன் ஹோலெண்டர் என்ற மருத்துவர், போலந்து நாட்டு உயர்குடிப் பெண்மணி ஒருவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, காதோரத்தில் தோலைத் துண்டாக வெட்டி எடுத்து மீதியை இழுத்துத் தைத்தார். இதை அவர் வெளியே சொன்னது பல ஆண்டுகள் கழித்துத்தான். 1906-இல் எரிக் லெக்ஸர் ஒரு நடிகைக்கு இத்தகைய அறுவையைச் செய்தார். தொடக்கக் காலத்து மருத்துவர்கள் பலர் இதைச் செய்துவிட்டு மறைத்துக்கொண்டார்கள். நோயில்லாதவரை வெட்டுவது மருத்துவம் ஆகாது என்ற பழி அவர்களை அச்சுறுத்தியது. நம் ஆசிரியர் அறையின் வாசகத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மூதாதையர் உண்டு என்க.

அந்தப் பழிக்கு முகம்கொடுத்துப் பேசியவர் ஒரு பெண். 1878-இல் பிரான்சின் லான் நகரில் பிறந்த சூசான் நோயல், திருமணத்துக்குப் பிறகே மருத்துவம் படிக்கச் சென்றவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்யும் பயிற்சி பெற்றார். போருக்குப் பின் பாரிசில் தம் குடியிருப்பிலேயே, ஊசியால் மரக்கச் செய்து, காதோரத்திலும் மயிரோரத்திலும் சிறுசிறு தோல்துண்டுகளை வெட்டித் தைத்து, அன்றே நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். 1926-இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே அழகு அறுவையின் சமூகப் பங்கைப் பேசுகிறது. அவரிடம் வந்தோரில் செல்வச் சீமாட்டிகள் இருந்தனர். வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து நீக்கப்பட்ட, அல்லது வேலையே கிடைக்காத உழைக்கும் பெண்களும் இருந்தனர். முகத்தின் சுருக்கம் சோற்றுக்கே உலை வைக்கும்போது அதை நீக்குவது வீண்பகட்டா என்பது அவர் கேட்ட கேள்வி. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவரும், 1924-இல் பாரிசில் சொராப்டிமிஸ்ட் என்ற உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அவருடைய எல்லா வாதங்களையும் நாம் ஏற்கிறோமில்லை. உலகத்தின் கண்ணை மாற்றாமல் பெண்ணின் முகத்தை மாற்றுவது எந்த அளவுக்கு விடுதலை என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை அவர்மீது வீசும் தகுதி, வயதான பெண்ணுக்கு வேலை தராதவர்க்கு இல்லை.

நோயல் முதலானோரின் அறுவையில் முகநரம்புக்கு அதிக ஆபத்து இருந்ததில்லை. அவர்கள் தோலை மட்டுமே தொட்டார்கள். நரம்போ அதற்குக் கீழே, கொழுப்புக்கும் தசைப்படலத்துக்கும் அடியில் ஓடுகிறது. ஆனால் தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் அது மீண்டும் தொய்ந்துவிடும். அழகு நீடிக்க வேண்டுமானால் ஆழமாகப் போக வேண்டும். ஆழமாகப் போனால் நரம்பு நெருங்கும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் இந்த இழுபறிதான்.

இவ்விடத்தில் இணைக்கதையைச் சொல்லிவிட வேண்டும். 1907-இல் சிகாகோவின் சார்லஸ் கான்ராட் மில்லர், முகக்கோடுகளைப் போக்கத் தோலுக்கடியில் சில முகத்தசைகளையே வெட்டிவிடும் முறையை எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, 1957-இல், எட்வர்ட்ஸ் என்பவர் இன்னும் ஒருபடி மேலே போனார். நெற்றிச் சுருக்கம் விழாதிருக்க, நெற்றிக்குச் செல்லும் முகநரம்புக் கிளையை இருபுறமும் அறுத்துவிடுவது அவர் முறை. நெற்றி வழுவழுவென்று இருக்கும். ஆனால் வியப்பு வந்தால் புருவம் உயராது. மருட்கை என்ற மெய்ப்பாட்டில் பாதியை வெட்டி எறிந்து பெற்ற அழகு அது. இதே கிளை தவறுதலாக ஒருபக்கம் வெட்டுப்பட்டால் அது விபத்து, வழக்கு, இழப்பீடு. இருபக்கமும் ஒத்தபடி வெட்டினால் அது சிகிச்சை. இந்த விந்தையை எண்ணிப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எட்வர்ட்ஸ் நெற்றிக் கிளையை அறுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் வேறு சிலர் அதைக் காக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1956-இல் டேவிஸும் உடனுழைத்தோரும் 350 பாதிமுகங்களை அறுத்து ஆராய்ந்து, முகநரம்பு கிளைக்கும் முறையை ஆறு வகையாகப் பிரித்தார்கள். பாடநூலின் ஐந்து கிளைகள் நேர்க்கோடுகள் அல்ல, கிளைக்கும் கிளைக்கும் இடையே குறுக்குப் பாலங்கள் பல உண்டு என்பது அதில் தெளிவாயிற்று. கன்னக் கிளைகளுக்கு இப்பாலங்கள் மிகுதி. ஆகவே அங்கே ஓர் இழை அறுபட்டாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. நெற்றிக் கிளைக்கும் தாடையோரக் கிளைக்கும் பாலம் குறைவு. அங்கே அறுபட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். 1962-இல் டிங்மனும் கிராபும் 100 பாதிமுகங்களில் தாடையோரக் கிளையை மட்டும் தேடிச் சென்றனர். முகத்தமனியைக் கடப்பதற்கு முன், நூற்றுக்கு எண்பத்தொன்றில் அது தாடை எலும்பின் கீழ்விளிம்புக்கு மேலே இருந்தது. மீதிப் பத்தொன்பதில் விளிம்புக்குக் கீழே இறங்கி ஓடியது. எது யாருக்கு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

நெற்றிக் கிளைக்கு வழிகாட்டியவர் பிரேசிலின் இவோ பிடாங்கி. 1966-இல் ராமோஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, முகத்தை இழுத்துத் தைக்கும் அறுவையில் இக்கிளையின் போக்குகள் ஏன் முக்கியம் என்பதையே பேசியது. காதுத் துளைக்கு முன் புடைத்திருக்கும் குருத்தெலும்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே ஒரு புள்ளி. புருவத்தின் வெளிமுனைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் வரும் கோடே ஏறத்தாழ அந்த நரம்பின் வழித்தடம். பிடாங்கியின் கோடு என்றே அதற்குப் பெயர். உலகெங்கும் அறுவைக்கு முன் முகத்தில் மையால் வரையப்படுவது அது.

பிடாங்கியைப் பற்றி இன்னும் சில வரிகள் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1961 டிசம்பரில் ரியோவுக்கு எதிர்க்கரையான நிதெரோயில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் குழந்தைகள். தீப்புண் பட்டுத் தப்பியோருக்கு இரவுபகலாகச் சிகிச்சை செய்தவர்களுள் அவர் ஒருவர். பணக்காரர்களுக்கும் திரைநட்சத்திரங்களுக்கும் அழகு செய்து பெருஞ்செல்வம் ஈட்டினார். ரியோவின் தரும மருத்துவமனை ஒன்றில் ஏழைகளுக்கென ஒரு பிரிவையும் நடத்தினார். அழகு ஏழைக்கும் உரிமை என்பது அவர் கட்சி. 2016 ஆகஸ்ட் 5 அன்று ரியோ ஒலிம்பிக் சுடரை ஏந்தினார். மறுநாள் காலமானார்.

1970-களில் கத்தி உண்மையாகவே ஆழத்துக்குச் சென்றது. சுவீடனின் டோர்ட் ஸ்கூக், 1974-இல் வெளியிட்ட நூலில், தோலைத் தனியே உரிக்காமல் அதனடியிலுள்ள படலத்தோடு சேர்த்தே தூக்கும் முறையை விளக்கினார். 1976-இல் பாரிசைச் சேர்ந்த மிட்ஸும் பேரோனியும் அந்தப் படலத்துக்கு இலக்கணம் வகுத்தனர். முகத்தசைகளைத் தழுவி நிற்கும் அந்தப் படலத்துக்கு அவர்கள் சூட்டிய நீண்ட பெயரின் சுருக்கமாக எஸ்.எம்.ஏ.எஸ். என்பது மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது. படலத்துக்கு அடியில் முகநரம்பு. 1990-இல் அமெரிக்காவின் சாம் ஹாம்ரா அப்படலத்துக்கும் கீழான தளத்தில் புகுந்து தூக்கும் முறையை வெளியிட்டார். இப்போது கத்திக்கும் நரம்புக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய இடைவெளி. 1994-இல் புரூக் செக்கெல் முகத்தில் ஏழு ஆபத்து மண்டலங்களை வரைந்து ஒரு நூலே எழுதினார். முகம் ஒரு போர்க்கள வரைபடம்போல் ஆகிவிட்டது என்று தோன்றிற்று அந்தப் படத்தைப் பார்த்த நமக்கு.

ஆயினும் எண்ணிக்கையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தகைய அறுவையில் நிரந்தரமாக முகநரம்பு செயலிழப்போர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. அடிக்கடி காயப்படுவது முகநரம்பே அன்று. காதுமடலுக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பு. அது போனால் காதின் கீழ்ப்பகுதி மரத்துப்போகும், முகம் கோணாது. முகநரம்புப் பலவீனம் நேர்ந்தாலும் பெரும்பாலும் தற்காலிகம்தான். அறுவை முடிந்த சில மணிநேரம் மட்டும் இருந்தால் அது மரக்கும் ஊசியின் விளைவு. அதற்கும் மேல் நீடித்தால் நரம்பு இழுபட்டோ நசுங்கியோ சூடுபட்டோ வீங்கியோ இருக்கலாம்.

இந்த வேறுபாடுகளுக்குப் பெயர் கிடைத்ததும் ஒரு போரில்தான். இரண்டாம் உலகப் போரின் காயங்களைக் கண்ட ஆங்கிலேயர் ஹெர்பர்ட் செடன் 1943-இல் நரம்புக் காயத்தை மூன்றாக வகுத்தார். முதலாவதில் நரம்பு முழுதாக இருக்கும், செய்தி மட்டும் நின்றுபோகும். வாரங்களில் தானே மீளும். இரண்டாவதில் உள்ளிழை அறுந்து, உறை எஞ்சும். இழை அந்த உறைவழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து தசையைச் சென்றடைய வேண்டும். மாதக்கணக்காகும். மூன்றாவதில் நரம்பே துண்டாகும். தைத்தாலன்றி மீட்சி அரிது. தாடையோரக் கிளை நலிந்ததுபோல் காட்டும் போலி நலிவும் ஒன்று உண்டு. கழுத்துக் கிளை காயப்பட்டு, கீழுதட்டை இறக்கத் துணைசெய்யும் கழுத்துத் தசை ஓய்ந்திருக்கும் நிலை அது. 1979-இல் எலன்போகன் இதைப் பிரித்துக் காட்டினார். உதட்டைப் பிதுக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். போலி நலிவில் உதடு பிதுங்கும்.

மீண்டும் வளரும் நரம்பிழைகள் சில வேளை வழிதவறுவதும் உண்டு. உதட்டுக்குப் போக வேண்டிய இழை கண்ணிமைக்குப் போய்விட்டால், சிரிக்கும்போதெல்லாம் கண் மூடும். எலும்புக்குள்ளேயே நரம்பு கெட்டவர்களில் சிலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பிக்குரிய இழை கண்ணீர்ச் சுரப்பியைச் சென்றடையும். அப்போது சோற்றைக் கண்டால் கண்ணீர் வழியும். 1928-இல் ருசிய மருத்துவர் பகராத் இதை விவரித்து முதலைக் கண்ணீர் நோய் என்று பெயரிட்டார். அழுகை இல்லாத கண்ணீர். எந்த இலக்கணத்தில் இதை அடக்குவது?

நரம்பு அடியோடு போனவர்க்கு வேறு நரம்பை இணைக்கும் முயற்சி 1895-இலேயே தொடங்கிவிட்டது. லண்டனின் சார்லஸ் பாலன்ஸ், தோளை அசைக்கும் நரம்பை முகநரம்போடு இணைத்தார். முகம் அசைந்தது, ஆனால் தோளைக் குலுக்கினால்தான். 1901-இல் பெர்லினின் கெர்ட்டே நாவின் நரம்பை இணைத்தார். நாவை அசைத்தால் முகம் அசையும். 1976-இல் ஜப்பானின் ஹாரி தொடையின் மெல்லிய தசையொன்றை நரம்போடும் இரத்தக் குழாயோடும் எடுத்து முகத்தில் பொருத்தினார். இக்காலத்தில் மெல்லும் தசையின் நரம்பையும் பயன்படுத்துகிறார்கள். பல்லைக் கடித்தால் சிரிப்பு வரும். நாளடைவில் பலருக்குக் கடிக்காமலே வரப் பழகிவிடுமாம்.

இணைக்கதை 2002-இல் முழுவட்டம் வந்தது. தசையைச் சில மாதம் செயலிழக்கச் செய்யும் பாட்டுலினம் என்னும் நஞ்சை மாறுகண்ணுக்கு மருந்தாக்கியவர் ஆலன் ஸ்காட். அதை ஊசியில் ஏற்றினால் புருவ நடுவின் கோடு மறைகிறது என்று 1992-இல் கனடாவின் கருதர்ஸ் தம்பதியர் எழுதினர். பத்தாண்டு கழித்து அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. எட்வர்ட்ஸ் கத்தியால் செய்ததை இன்று போட்டாக்ஸ் ஊசி செய்கிறது. வேறுபாடு, இது சில மாதங்களில் தெளிந்துவிடும். முகம் இழுத்துத் தைத்தபின் ஒருபக்கம் நலிந்தவருக்கும் இதே ஊசி உதவுகிறது. எங்கே போடுகிறார்கள் தெரியுமா? நலிந்த பக்கத்தில் அல்ல, நல்ல பக்கத்தில். நரம்பு மீளும்வரை நல்ல பக்கத்தையும் சற்று அடக்கிவைத்தால் முகம் சமமாகத் தோன்றும் என்பது கணக்கு.

அம்மாவிடம் அவருடைய மருத்துவர் இதைச் சொல்லிக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். “இருக்கிறதையும் எதற்கு அணைக்க வேண்டும்?” என்றாராம். காத்திருந்தார். கண்ணாடிமுன் நின்று உதட்டைப் பிதுக்கவும் சீழ்க்கை அடிக்கவும் பயிற்சி சொல்லியிருந்தார்கள். பெண்பிள்ளை சீழ்க்கை அடிக்கலாமா என்று பாட்டியிடம் சிறுவயதில் அடிவாங்கியவர், அறுபது கடந்தபின் மருத்துவர் சொல்லிச் சீழ்க்கை பழகினார். ஒருநாள் தயங்கித் தயங்கி, ஆசிரியர் அறையில் பேசியதையும் அப்போது நாம் நினைத்ததையும் அவரிடம் சொன்னோம். அவர் சினக்கவில்லை. “நாற்பது வருஷம் கண்ணாடியில் எங்க அம்மா முகம் வந்துகொண்டே இருந்தது தம்பி, அவங்க கடைசிக் காலத்து முகம். அதை ஒருநாளாவது பார்க்காமல் இருக்க நினைத்தேன்” என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாம் கேட்கவுமில்லை.

ஐந்தாம் மாதத்தில் உதட்டோரத்தில் துடிப்பு தெரியத் தொடங்கியது. சென்ற பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். சிரிக்கும்போது கீழ்ப்பற்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகத் தெரிந்தன. ஏறத்தாழ என்ற சொல் நம்முடையதன்று. அவரே சொன்னது.